பால் கணக்கும் குப்பைக் கணக்கும்

ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகிற பாதையை ஒட்டிய ஊர்களில், நான் சிறுமியாக இருந்த காலத்தில், பாலை யாரும் விற்றதில்லை. குப்பையை யாரும் சும்மா கொடுத்ததில்லை. மாடு என்றால் குட்டையான மலைமாடு. ஏருக்கு ஒரு சோடி. மற்றவை பகலில் மேய்ந்துவிட்டு ராத்திரி கட்டுத்தரையில் சாணி போடுவதற்கு. கன்று குடித்தது போக ஓர் ஆழாக்கு மிஞ்சினால் அது கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்குப் போகும். மிஞ்சாவிட்டால் அதற்காக யாரும் மாட்டை வைததில்லை. குப்பை அப்படியல்ல. எஸ்டேட்டில் காப்பிக்குக் குழி எடுக்கிற பருவம் வந்தால் மேஸ்திரி ஆள் அனுப்புவார். கூடைக்கு இவ்வளவு என்று பேசி, கூடையின் வாயளவைப் பார்த்து, அடியில் பச்சைச் சாணி கிடக்கிறதா என்று முழங்கை வரை விட்டுத் துழாவி, அப்புறம்தான் காசு கை மாறும். பெண் பார்க்க வந்தவர்களும் கொல்லைப்பக்கம் குப்பைமேடு எவ்வளவு உயரம் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் திண்ணையில் உட்கார்வார்கள்.

இன்று அதே ஊர்களில் பால் லிட்டர் கணக்கில் ஊற்றப்படுகிறது. ஃபேட் எவ்வளவு, எஸ்.என்.எஃப் எவ்வளவு என்று மெஷின் சொல்லும் எண்ணைப் பார்த்துக் காசு கணக்காகிறது. பாலுக்கு அட்டை இருக்கிறது, புத்தகம் இருக்கிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது. சாணியை ஹோஸ் பைப் வைத்துச் சாலையோர வாய்க்காலில் தள்ளிவிடுகிறார்கள். அந்த வாய்க்காலைத் தாண்டி, சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, வழுவழுப்பான பையில் அடைத்த இயற்கை உரம் வந்து இறங்குகிறது. காப்பி நாற்றுப் போடுகிறவரும் வாங்குகிறார், தங்கும் விடுதியில் ரோஜாத் தொட்டி வைத்திருக்கிறவரும் வாங்குகிறார். பக்கத்து வீட்டில் கறவை மாடு வைத்திருக்கிறவரே தன் மிளகுக் கொடிக்கு இரண்டு பை வாங்கிப் போனதை நான் பார்த்தேன். அதைப் பார்த்த நாளிலிருந்து இதை எழுதவேண்டும் என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இந்த மலைக்குக் காப்பி கொண்டுவந்து கிரேஞ்ச் எஸ்டேட்டில் நட்டார் என்று ஏற்காட்டில் எந்த வழிகாட்டியும் சொல்லுவார். அந்தக் காப்பி எதைத் தின்று வளர்ந்தது என்று யாரும் சொல்லுவதில்லை. மூட்டை உரம் வருவதற்கு நூறு ஆண்டுக்கும் முன்பு அது. சரிவில் மழை அடித்துப்போகிற மேல்மண்ணுக்கு ஈடு கொடுக்க மாட்டு எருவை விட்டால் வேறு வழி இல்லை. இலங்கையிலும் தென்னிந்திய மலைகளிலும் அந்தக் காலத் தோட்டக்காரர்கள் எருவுக்கென்றே மாடு வாங்கிக் கட்டினார்கள், அந்த மாட்டுக்கென்று புல் வளர்த்தார்கள். நாற்றங்கால் பைக்கு மண் கலக்கிற கணக்கில் இன்றைக்கும் எருவுக்கு இடம் உண்டு: காட்டு மண் 6 பங்கு, நன்றாக மக்கிச் சலித்த எரு 2 பங்கு, மணல் 1 பங்கு. காப்பி வாரியத்தார் சொல்லிக்கொடுப்பதும் இதுதான். அந்த 2 பங்கு இல்லாவிட்டால் நாற்று வெளுத்துப்போய் நிற்கும்.

என் தாத்தா கீழ்நாட்டிலிருந்து எஸ்டேட் வேலைக்கு மலையேறியவர். மலையாளிகள் இந்த மலையின் பூர்வகுடிகள். சாமை, தினை, ராகி போட்டு வாழ்ந்தவர்கள். அவர்களிடம்தான் எங்கள் வீடு எரு வேலையைக் கற்றுக்கொண்டது. அறுப்பு முடிந்த காட்டில் மரக்கழிகளால் பட்டி அடைத்து மாடுகளை ராத்திரி அங்கேயே மறிப்பார்கள். சில நாள் கழித்துப் பட்டியைப் பிடுங்கி அடுத்த துண்டு நிலத்தில் நடுவார்கள். சாணியை யாரும் சுமக்க வேண்டியதில்லை. மாடே நடந்துபோய் விழவேண்டிய இடத்தில் போட்டுவிடும், மூத்திரமும் மண்ணிலேயே இறங்கிவிடும். பெரிய படிப்புப் படித்தவர்கள் யோசித்தாலும் இதைவிடச் சுருக்கமான வழி கண்டுபிடிப்பது கஷ்டம்.

நிலத்தில் நிரந்தரமாகக் காப்பியும் மிளகும் வந்த பிறகு பட்டி போட இடமில்லாமல் போயிற்று. அப்போதுதான் கட்டுத்தரைக்கும் குழிக்கும் முக்கியத்துவம் வந்தது. எங்கள் அப்பா ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே மாட்டார்: மேட்டில் கட்டுத்தரை, அதற்குக் கீழே குழி, அதற்கும் கீழே காடு. மழை பெய்து குழி கசிந்தால் கசிவு பயிருக்குள் போகும். அந்தச் சரிவில் நின்ற பலாவும் காப்பியும் எங்கள் நிலத்தில் வேறெங்கும் இல்லாத கரும்பச்சை நிறத்தில் இருக்கும். கட்டுத்தரை வீட்டுக்கு எட்டத்தில் இருக்கிறதே, மழையில் நனைந்துகொண்டு போகவேண்டியிருக்கிறதே என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது; அந்த ஏற்ற இறக்கத்தை நடந்தது அவள்தான்.

மாடு மேய்ச்சலிலிருந்து திரும்புமுன் தரையில் சருகு பரப்பியாக வேண்டும். எது கிடைக்கிறதோ அதுவெல்லாம் வரும்: நிழல்மரம் கழித்த தழை, சில்வர் ஓக் சருகு, பலா இலை, சாமைத்தாள். சில்வர் ஓக் மட்டும் போட்டால் சீக்கிரத்தில் மக்காது, நார் நாராய்க் கிடக்கும். முள்ளுமுருங்கைத் தழை பாதிக்குப் பாதி கலக்கவேண்டும். நாலு விரல் கனத்துக்குச் சருகு. ராத்திரி முழுக்க மாடு அதன்மேல் நின்று, படுத்து, பெய்து, மிதித்து வைத்திருக்கும். விடிந்ததும் ஈரச்சருகோடு சேர்த்துச் சாணியை வாரிக் கூடையில் எடுத்தால் ஒட்டாமல் ஒழுகாமல் வரும். தரையில் ஒரு சொட்டு மூத்திரம் தேங்கியிருக்காது. அதையெல்லாம் சருகு குடித்திருக்கும்.

குழி இடுப்பளவு ஆழம். ஒரு வரிசை சருகுச்சாணி, மேலே அடுப்புச் சாம்பல் ஒரு தூவல், வீடு கூட்டிய மண், மறுபடியும் சருகுச்சாணி. காப்பிப் பழம் பல்பரில் போட்ட நாட்களில் சிவப்புத் தோல் கூடை கூடையாய் வரும். அதைத் தனியாகக் குவித்தால் புளித்து நாறும், குழிக்குள் சாணியோடு கலந்தால் அடங்கிவிடும். நிரம்பியதும் மண் போட்டு, சாணி கரைத்து மெழுகி மூடிவிடுவார்கள். பிறகு அப்பா கடப்பாரையை நடுக்குழியில் செருகி வைப்பார். வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம் விட்டு, அதை உருவி, உள்ளே இருந்த முனையை உள்ளங்கையால் பிடித்துப் பார்ப்பார். பிடிக்க முடியாமல் சுட்டால் குழி நன்றாக வேலை செய்கிறது; களைவிதை, வெள்ளைப்புழு எல்லாம் அந்தச் சூட்டில் செத்துவிடும். வெதுவெதுப்பாக இருந்தால் காற்றுப் போதவில்லை, கிளறிப் போடவேண்டும். சூடும் இல்லாமல் கடப்பாரை உலர்ந்து வந்தால் தண்ணீர் தெளிக்கவேண்டும். மார்கழிப் பனியில் கிளறும்போது குழியிலிருந்து ஆவி எழும்பும். நாங்கள் குழந்தைகள் அதன் ஓரத்தில் நின்று கை காய்ச்சியிருக்கிறோம். கடைசியில் ஒரு பிடி எடுத்துப் பிழிந்து மோந்து பார்ப்பார். சாணி வாசம் துளி இருந்தாலும் அது எருவாகவில்லை. மழை பெய்த காட்டுமண் வாசம் வந்தால்தான் சல்லடைக்கு எடுப்பார்.

இதற்குள் இருக்கிற விஞ்ஞானத்தை நான் பிறகு புத்தகங்களில் படித்தேன். மக்கவைக்கிற நுண்ணுயிர்களுக்குக் கரிச்சத்து 25இலிருந்து 30 பங்கும் தழைச்சத்து 1 பங்கும் இருந்தால் வேலை சுறுசுறுப்பாக நடக்கும். சருகில் கரி மிகுதி. சாணியிலும் மூத்திரத்திலும் தழைச்சத்து மிகுதி. இரண்டும் சேர்ந்தால் சூடு பிறக்கும். தழைச்சத்து மட்டும் தனியாகக் கிடந்தால் அம்மோனியாவாகக் காற்றில் பறந்துவிடும். மாட்டுக்கொட்டாயில் மூக்கைக் குத்துகிற நெடி அப்படிப் பறந்துபோகிற உரத்தின் நெடிதான்.

வெள்ளைக்கார அரசு 1889இல் ஜான் அகஸ்டஸ் வோல்கர் என்ற வேளாண் வேதியியலாளரை இந்தியாவுக்கு அனுப்பியது. அவர் நாடு முழுக்கச் சுற்றி 1893இல் வெளியிட்ட அறிக்கையில், விறகு கிடைக்காத ஊர்களில் சாணி வரட்டியாகி அடுப்புக்குப் போவதையும், மூத்திரம் பெரும்பாலும் வீணாவதையும் கவலையோடு பதிவு செய்தார். பிறகு ஆல்பர்ட் ஹோவர்ட் வந்தார். யஷ்வந்த் வாட் என்ற இந்திய வேதியியலாளரோடு சேர்ந்து இந்தூரில் அவர் உருவாக்கிய மக்கு உர முறை 1931இல் புத்தகமாக வந்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொட்டாயில் மாட்டின் காலடியில் மண் பரப்பி, மூத்திரம் ஊறிய அந்த மண்ணை எடுத்துக் குவியலில் கலக்கச் சொல்லுவது. எங்கள் மலையில் மண்ணுக்குப் பதில் சருகு. உலகம் முழுக்க இயற்கை வேளாண்மைக்கு முன்னோடி என்று போற்றப்படுகிற ஹோவர்ட், இந்தியக் குடியானவர்களைத் தன் ஆசிரியர்கள் என்றே சொன்னவர். எருவைக் கூடையில் சுமந்த பெண்களின் பெயர் மட்டும் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை.

அந்தப் பெண்களைப் பற்றிச் சொல்லாமல் பழைய காலத்தைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. சருகு வாரியது பெண்கள். சாணி வாரியது பெண்கள். கூடையைத் தலையில் வைத்து வழுக்குகிற சரிவில் இறங்கியதும் அவர்கள்தான். மழைநாளில் கூடையிலிருந்து கசிந்தது நெற்றி வழியாக, கண்ணோரமாக இறங்கும். இரண்டு கையும் கூடையைப் பிடித்திருப்பதால் துடைக்கவும் முடியாது. அம்மாவின் விரல் இடுக்குகள் ஐப்பசி, கார்த்திகையில் வெடித்துப் புண்ணாகிவிடும். ராத்திரி விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு படுப்பாள். எஸ்டேட்டுகளில் சாணி வாருகிற வேலைக்கு யாரைக் கூப்பிடுவது என்பதைச் சாதி தீர்மானித்தது. விற்ற குப்பைக்கான காசோ அப்பாவின் மடியில் போய் விழுந்தது. அம்மா அதில் ஒரு ரூபாயைத் தன் கையால் எண்ணி நான் பார்த்ததில்லை.

1970இல் ஆபரேஷன் ஃபிளட் என்ற பால் பெருக்கத் திட்டம் தொடங்கியது. 1981இல் தமிழ்நாட்டுக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் இணையம் அமைந்தது. ஆவின் என்ற பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்தது. ஜெர்சிக் கலப்பு மாடுகள் மலையேறின. சிந்து மாடு என்று ஊரில் சொல்லுவோம். பால் காசு பெண்கள் கைக்கு வந்தது அப்போதுதான். வாரம் தவறாமல் கையில் பணம் புரள்கிற வாழ்க்கையை எங்கள் பக்கத்துப் பெண்கள் முதல்முறை பார்த்தார்கள். மகள்கள் பள்ளிக்குப் போனார்கள், காதில் தோடு ஏறியது. இந்த மாற்றத்தை நான் முழு மனதோடு கொண்டாடுகிறேன். பாலால் வந்த நன்மையைக் குறைத்துப் பேசுகிறவர்கள் அந்த வீடுகளின் அடுப்படியை முன்னே பார்த்திராதவர்கள்.

ஆனால் கலப்பு மாடு வந்ததும் கட்டுத்தரை இடம் மாறியது. பால் வண்டி வருகிற தார்ச்சாலையை ஒட்டிக் கொட்டாய் கட்டினார்கள். அந்தப் பக்கத்தில் கீழே காடு கிடையாது, வாய்க்கால்தான் உண்டு. மேய்ச்சல் நின்றுபோய், கட்டிப்போட்ட இடத்திலேயே தீனி. மண்தரை சிமென்ட் தரையானது. சருகுக்குப் பதில் ரப்பர் பாய் வந்தது. பாயைக் கழுவ ஹோஸ் பைப் வந்தது. இவற்றுள் ஹோஸ் பைப் வந்ததுதான் எருவுக்கு வினையாகிவிட்டது என்பது என் எண்ணம். பச்சைச் சாணியிலேயே 80 சதவீதம் தண்ணீர். அதில் இன்னும் மூன்று மடங்கு தண்ணீர் ஊற்றிவிட்டால் அதைக் கூடையில் எடுக்க முடியாது, குவிக்க முடியாது, சூடேற்ற முடியாது, விற்கவும் முடியாது. ஓடவிடுவது ஒன்றுதான் மிஞ்சும்.

எங்கள் வீட்டுக்கு மேற்கே மூன்று கறவை வைத்திருக்கிற பெண் எனக்கு மருமகள் முறை. கருக்கலில் அவள் கொட்டாயில் தண்ணீர் அடிக்கிற சத்தத்தில்தான் எனக்கு விழிப்பு வரும். ஒருநாள் போய் நின்றேன்.

"ஏம்மா, இத்தனை சாணியையும் தண்ணியில விடறியே, மனசு கேக்குதா?"

"கேக்கலதானுங்க அத்தை. என்ன பண்றது சொல்லுங்க. அஞ்சரைக்கு வண்டி வந்துருது. அதுக்குள்ள மூணையும் கறந்தாகணும். மடி சுத்தமில்லீன்னா பால் திரிஞ்சு போகுது, மடிநோய் வந்துச்சுன்னா ஊசிக்கே பால் காசெல்லாம் போயிருது. சருகு போட்டுத்தான் போன மாட்டுக்கு மடி வீங்குச்சு."

அவள் சொன்னது அத்தனையும் சரி. ஆழாக்குப் பால் கறந்த மலைமாட்டின் சின்ன மடி வேறு. எட்டு லிட்டர், பத்து லிட்டர் கறக்கிற கனத்த மடி வேறு. கறந்து முடித்த கையோடு காம்பின் துளை முழுதாக மூடியிருக்காது. அந்த நேரத்தில் மாடு ஈரச்சருகில் படுத்தால் கிருமி உள்ளே ஏறிவிடும். அம்மா செய்ததை அப்படியே இவளைச் செய்யச் சொல்ல முடியாது. மாடு மாறிவிட்டது, அதற்கேற்ப எரு வேலையையும் மாற்றிச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். கறவை மாட்டுக் கடனுக்கு ஆள் வந்தார்கள், தீவனம் விற்க வந்தார்கள், சினை ஊசி போட வந்தார்கள். சாணிக்கு என்று ஒருவரும் வரவில்லை.

ஒருமுறை மட்டும் வந்தார்கள். 1981-82இல் மத்திய அரசு தேசிய சாண எரிவாயுத் திட்டத்தைத் தொடங்கிய பிறகு, எண்பதுகளில் எங்கள் ஊரிலும் மானியத்தில் கோபர் கேஸ் கட்டினார்கள். கிணறு மாதிரி வட்டக் குழி, அதன்மேல் மிதக்கிற இரும்புத் தொப்பி. கதர் கிராமத் தொழில் ஆணையம் அறுபதுகளிலிருந்து பரப்பிவந்த வடிவம் அது. அம்மாவின் அடுப்பில் நீலத்தீ எரிந்த நாட்கள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. புகையில்லாமல் சமைத்தபோது அவள் இருமல் குறைந்தது. மார்கழி வந்ததும் தொப்பி எழும்பவே இல்லை. சாணியைத் தின்று மீத்தேன் வாயுவை உண்டாக்குகிற நுண்ணுயிர்களுக்கு வெதுவெதுப்பு வேண்டும். 20 டிகிரிக்குக் கீழே போனால் சோர்ந்துவிடும். ஏற்காட்டில் மார்கழி ராத்திரி 13 டிகிரிக்குப் பக்கம் இறங்கும். கீழ்நாட்டில் சாணி குழிக்குள் 30, 40 நாள் தங்கினால் போதும். குளிர்ந்த மலைக்கு 55 நாள் தங்குகிற அளவுக்குக் குழி பெரிதாக இருக்கவேண்டும் என்று அரசாங்கக் கையேட்டிலேயே கணக்கு உண்டு. எங்களுக்குக் கட்டிக்கொடுத்தவர்கள் கீழ்நாட்டு அளவிலேயே கட்டிவிட்டுப் போனார்கள். இரும்புத் தொப்பியும் மலை ஈரத்தில் துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. பழுது பார்க்க ஆள் கேட்டு அனுப்பிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. 1984இல் வந்த தீனபந்து வடிவத்தில் இரும்பு கிடையாது; செங்கல் கூரையோடு முழுதும் மண்ணுக்கடியில் இருப்பதால் குளிரையும் ஓரளவு தாங்கும். அது எங்கள் ஊருக்கு வருவதற்குள் கேஸ் என்றாலே சிலிண்டர்தான் என்று ஊர் முடிவு செய்துவிட்டது.

மருமகளின் கொட்டாயிலிருந்து வாய்க்காலில் போனது எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூன்று கலப்பு மாடு, மாட்டுக்கு நாளைக்கு 15 கிலோ சாணி என்று வைத்தால் ஆண்டுக்கு 16 டன். பச்சைச் சாணியில் ஆயிரத்துக்கு மூன்று பங்கு தழைச்சத்து என்றால் சுமார் 50 கிலோ. மூத்திரம் நாளைக்கு 8 லிட்டர் என்றால் ஆண்டுக்கு 8,700 லிட்டருக்கு மேல். அதில் நூற்றுக்கு ஒரு பங்கு தழைச்சத்து; 80 கிலோவுக்கு மேல் வருகிறது. சாணியைவிட மூத்திரத்தில்தான் அதிகம். இரண்டும் சேர்ந்தால் 45 கிலோ யூரியா மூட்டை ஆறுக்குச் சமம். மணிச்சத்து, சாம்பல்சத்து, மண்ணைப் பொலபொலப்பாக்குகிற கரிச்சத்து எல்லாம் இதற்கு மேல். முழுசையும் பிடித்துவைக்க யாராலும் முடியாது. பாதியைப் பிடித்தாலும் அவளுடைய மிளகுக்கும் காப்பிக்கும் பை உரம் தேவைப்படாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மலைமாடு மலைப்புல்லைத் தின்று மலையிலேயே சாணி போட்டது. பாதி காட்டில் விழுந்தது, பாதி கட்டுத்தரையில். கலப்பு மாடு தின்பது கீழ்நாட்டுச் சரக்கு. தவிடு, மக்காச்சோளம், புண்ணாக்கு, வைக்கோல் எல்லாம் லாரியில் ஏறி வருகிறது. மாடு தின்கிற தழைச்சத்தில் ஏறக்குறைய கால் பங்குதான் பாலில் போகும். முக்கால் பங்கு சாணியும் மூத்திரமுமாக வெளியே வரும். ஆக, லாரி லாரியாகக் கீழ்நாட்டு மண்ணின் வளம் எங்கள் வாசலில் வந்து இறங்குகிறது. மழையில் மண் கரைந்து கரைந்து ஏழையாகிக் கொண்டிருக்கிற இந்த மலைக்கு இப்படி ஒரு வரவு முன்னெப்போதும் இருந்ததில்லை. மாடு ஓரிடத்திலேயே நிற்பதால் அத்தனையும் ஓரிடத்தில் விழுகிறது. தேடிப் பொறுக்க வேண்டியதில்லை. எங்கள் அப்பாவுக்கு இந்த வாய்ப்புக் கிடைத்திருந்தால் குழியை இரண்டாகப் பெருக்கியிருப்பார். நாங்கள் அதைக் கழுவி வாய்க்காலில் விடுகிறோம். மலையில் எந்த வாய்க்காலும் யாரோ குடிக்கிற ஊற்றில் அல்லது கிணற்றில்தான் போய்ச் சேரும். தழைச்சத்து குடிநீரில் நைட்ரேட்டாக ஏறினால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. சாணித்தண்ணீர் தேங்கி நின்றால் கொசுவும் ஈயும் மட்டுமல்ல, மீத்தேனும் கிளம்பும். காற்றோட்டமாகக் குவித்த உலர்ந்த எருவில் அது மிகவும் குறைவு. கோடையில் குடிக்கவே டேங்கர் தண்ணீருக்குக் காத்திருக்கிற ஊரில், இந்த நட்டத்தை உண்டாக்கத் தண்ணீரையும் செலவழிக்கிறோம்.

வேறு இடங்களில் சாணிக்கு மறுபடியும் விலை வந்ததுண்டு. சத்தீஸ்கர் அரசு 2020 ஜூலையில், ஹரேலி பண்டிகையன்று, கிலோ 2 ரூபாய்க்குச் சாணி வாங்கத் தொடங்கியபோது நாடே திரும்பிப் பார்த்தது. குஜராத்தில் ஆனந்த் பக்கம் ஜக்காரியாபுரா என்ற ஊரில் தேசியப் பால்வள வாரியத்தின் உதவியோடு பெண்கள் வீட்டுக்கு வீடு சிறிய எரிவாயுக் கலன் வைத்தார்கள். வாயு அவர்கள் அடுப்புக்கு; கலனிலிருந்து வெளிவருகிற கரைசலில் தங்கள் நிலத்துக்குப் போக மிஞ்சியதை அவர்களுடைய கூட்டுறவு வாங்கிக்கொள்கிறது. 2022இல் வாரியம் சாண மேலாண்மைக்கென்றே தனி நிறுவனம் ஒன்றையும் அமைத்தது. இந்த ஏற்பாடுகளில் எனக்குப் பிடித்தது தொழில்நுட்பம் அல்ல. சாணிக்கும் ஒரு புத்தகம் இருக்கிறது, அதில் பெண்ணின் பெயர் இருக்கிறது. அதுதான் என்னை ஈர்த்தது.

நம் தமிழ்நாட்டிலும் வழிகாட்டுகிறவர்களுக்குக் குறைவில்லை. சென்னையில் முனைவர் சுல்தான் அகமது இஸ்மாயில், வெளிநாட்டுப் புழுவைத் தேடி ஓடாமல் நம் மண்ணிலேயே இருக்கிற மண்புழுக்களை வைத்து எருவாக்கலாம் என்று பல ஆண்டுகளாகச் சொல்லியும் செய்தும் காட்டியவர். பாதி மக்கிய சாணியும் சருகும் ஈரமும் நிழலும் இருந்தால் மண்புழு தானாக வேலை செய்யும். காப்பிக்காட்டு நிழலைவிட நல்ல இடம் அதற்கு எது?

மருமகளும் நானும் இப்போது பேசிப் பேசி ஓர் ஒழுங்குக்கு வந்திருக்கிறோம். மாட்டுக்கடியில் சருகு வேண்டாம். ரப்பர் பாய் இருக்கட்டும். தண்ணீர் திறப்பதற்கு முன்னால் தகரத்தால் சாணியை வழித்துத் தள்ளுவண்டியில் எடுத்துவிடவேண்டும். தலைச்சுமை கிடையாது என்பதில் அவள் கறாராக இருந்தாள், எனக்கும் அதில் இரண்டாம் பேச்சு இல்லை. சாணி வழித்த தரையைக் கழுவக் கால்வாசித் தண்ணீர் போதுகிறது. மூத்திரம் ஓடுகிற சாலின் முனையில் ஒரு தொட்டி வெட்டி, அதில் சருகையும் காப்பித்தொலியையும் அமுக்கி நிரப்பியிருக்கிறோம். மாட்டுக்கு அடியில் கிடந்து குடித்ததை அது இப்போது தொட்டிக்குள் கிடந்து குடிக்கிறது. ஊறியதும் எடுத்துச் சாணியோடு வரிசை வரிசையாகக் குவிக்கிறோம். குவியல் மேல் தகரக் கூரை போட்டாயிற்று. ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டர் மழை கொட்டுகிற ஊரில் கூரையில்லாத குப்பைமேடு மழைக்காலம் முடிவதற்குள் சத்திழந்துவிடும். கொட்டாய் சாலையோரத்தில் இருப்பதால் குவியலைக் காட்டுக்குக் கொண்டுபோக வழி மட்டும் இன்னும் சரியாக அமையவில்லை. இடையில் இன்னொருவர் நிலம். பாதை கேட்டிருக்கிறோம்.

முதல் குவியலில் கடப்பாரை சுட்டது. அதைப் பிடித்துப் பார்த்துவிட்டு அவள் கேட்டது குப்பையைப் பற்றியல்ல.

"அத்தை, நாத்துக்காரரு நம்ம எருவைச் சலிச்சுக் கொடுத்தா மூட்டைக்கு வெலை போட்டு எடுத்துக்கறேன்னாரு. அந்தக் காசு யாருக்குங்க?"

"யாரு வழிச்சுப் போட்டாங்களோ அவங்களுக்கு."

"எங்க வீட்டுக்காரரு, குப்பைன்னா ஆம்பளைங்க கணக்குன்னு சொல்றாருங்க. பால்தான் உன்னோடதுன்னு சொல்றாரு."

அதற்கு நான் என் பதிலைச் சொன்னேன். அவன் வந்து என்னோடு வாதாடினான். என் அம்மா கூடை சுமந்த கதையை அவனுக்கு முழுக்கச் சொன்னேன், காசு யார் மடியில் விழுந்தது என்பதையும் சேர்த்து. அவன் பதில் பேசாமல் போனான், இன்னும் சம்மதிக்கவில்லை. அவள் பால் அட்டை வைத்திருக்கிற தகரப்பெட்டியில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி வைத்துவிட்டாள். முதல் பக்கத்தில் தேதி, மூட்டை, விலை என்று கோடு போட்டு, மேலே தன் பெயரை எழுதியிருக்கிறாள். நாற்றுக்காரர் தை பிறந்ததும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.